மோட்டாருக்குக் கிடைத்த மரியாதை

வீட்டில் இருந்தபடியே கிணற்று மோட்டாரைப் போனில் ஓட்டும் பெட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கி மாட்டினார். அதற்குள் ஒரு சிம் உண்டு. கூப்பிட்டால் ஒரு பெண் குரல், "மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். இவர் பவ்வியமாக, "சரிங்கம்மா, இதோ அமுக்குறேங்க" என்பார். கல்யாணமான நாள் முதல் என்னை "இந்தா", "ஏய்" என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு எரியுமா எரியாதா?

நுணலும் தன் வாயால் கெடும். ரெட்டியார்சத்திரத்திலிருந்து அண்ணன் குடும்பம் வந்தபோது, இவர் மோட்டாரிடம் குழைவதை அப்படியே நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். இவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு நாலு நாள் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டுமென்றால் கிண்ணத்தைப் பார்ப்பார், நான் போடுவேன். மோட்டாரிடம் மட்டும் பேச்சு நிற்கவில்லை. சபையில் வைத்துச் சிரித்தது தப்பென்று எனக்கே உறுத்தியது. ஆனாலும் நானா முதலில் பேசுவது என்று வீம்பு.

மோட்டார் சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவது என் வேலை. அந்த மாதம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் உரம் வாங்க வத்தலக்குண்டு போயிருந்தார். மதியம், மோட்டார் ஓடத் தேவையான திரீ பேஸ் கரண்ட் வந்தது. செத்த நேரத்தில் என் போன் அடித்தது, அவர்தான். எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"மோட்டாரு போன எடுக்க மாட்டேங்குது."

"அதுக்கும் உங்க மேல கோவமோ என்னமோ."

"மல்லிச் செடி காயுதுல்ல. போயி சுவிட்ச போட்டு விடு."

போனைக் காதில் வைத்தபடியே வெயிலில் தோட்டத்துக்கு நடந்தேன். அவரும் வைக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது.

"ஓடுதுங்க" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"சாப்டியா?" என்றார்.

வெட்கங்கெட்ட கண், உடனே கலங்கிவிட்டது. அந்த மெஷினிடம் எத்தனை 'ங்க' போட்டாலும், இதை ஒரு நாளும் கேட்டதில்லை இந்த மனுஷன்.

"இல்ல, வாங்க" என்றேன்.