சந்தையில் வானத்தைப் பார்த்த அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வந்திருக்கும் உறவினர்களுக்கும் அன்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிய கரிசல் காட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை, நான் கைக்குழந்தை. ஏர் பிடித்தார், மழை பொய்த்த வருஷங்களில் மதுரைக்குப் பாரவண்டி ஓட்டினார், என்னைப் பள்ளிக்கும் அனுப்பினார். இத்தனை பாடுகளுக்கு நடுவிலும் வேடிக்கை பார்க்க மட்டும் அவருக்கு எப்படியோ நேரம் கிடைத்தது. மஞ்சளாகப் பூத்த பருத்திப் பூ மறுநாள் சிவந்துவிட்டால், அதைக் காட்டத் தன் மனைவியை, என் மதினியை, அடுப்படியிலிருந்து கூப்பிடுவார். குழம்பு அடிப்பிடித்துவிடும்.

என் கல்யாணத்துக்கு இரட்டை வடச் சங்கிலி போடுவதாகப் பேச்சு. அதற்காகக் காளை ஜோடியை விற்கச் சந்தைக்குப் போனார். நம் பக்கத்துச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் தரகர் விரலைப் பிடித்து விலை கேட்பார். மாட்டுக்காரர் கையை இறுக்கினால் சம்மதம். பிறகு பேச்சு மாறக் கூடாது. தரகர் அடிமாட்டு விலையில் தொடங்கிய நேரம் பார்த்து அண்ணன் தலை நிமிர்ந்திருக்கிறார். சூரியனைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு முழு வட்டம். "அடேயப்பா! மேல பாருங்கண்ணே!" என்று தரகரின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். வியாபாரம் முடிந்துவிட்டது.

"அம்புட்டுப் பேரும் மாட்டப் பாக்கையில நீங்க வானத்தப் பாத்தீகளாக்கும்!" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார். நான் அழுதேன். சங்கிலி இல்லையென்றால் இந்தச் சம்பந்தமும் இல்லை என்றே நினைத்தேன்.

அண்ணன் சாக்குத் தேடவில்லை. மறுநாளே பழங்காநத்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னார். "சங்கிலிக்குப் பணம் கூடல. தப்பு என்னோடது. தங்கச்சிய வேண்டாம்னு சொல்லிராதீக." மாமியாரின் முகம் சுருங்கியதாம். பலசரக்குக் கடையிலிருந்து வந்து நின்ற மாப்பிள்ளை, "அந்த வட்டத்த நானும் பாத்தேன் மச்சான். கடைய அப்படியே போட்டுட்டுத் தெருவுல நின்னேன். வெல்லம் வாங்க வந்தவக கத்திட்டுப் போயிட்டாக" என்றாராம். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக ரெண்டும் சம்பந்தம் பண்ணாம வேற யாரு பண்ணுவா?" என்று மோர் எடுக்க உள்ளே போனாராம்.

கல்யாணம் மஞ்சள் கயிற்றோடு நடந்தது.

அண்ணன் பணத்தை அலட்சியம் செய்தவர் அல்லர். கூலியை அன்றன்றைக்கே கொடுப்பார். வண்டி வாடகையில் ஒருவரையும் ஏய்த்ததில்லை. அடுத்தவர் நிலத்தையும் நகையையும் பார்த்து ஏங்கத்தான் அவருக்கு நேரம் இருந்ததில்லை. யுத்த காலத்தில் சோளத்தைப் பதுக்கினால் நல்ல விலை வரும் என்றவர்களிடம், "அதுக்குக் காவல் உக்காந்தா நான் எப்ப வெளிய போறது?" என்றார். அந்தச் சோளம் ஊருக்குள்ளேயே பழைய விலைக்குப் போனது. அவர் வீட்டில் எதற்கும் பஞ்சம் என்று நான் உணர்ந்ததே இல்லை. பஞ்சம் இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

தலை நரைக்கும் முன்னே நோய் வந்துவிட்டது. அதை இன்னும் என் மனம் ஏற்கவில்லை. எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டோம். கோரிப்பாளையத்திலிருந்து நேரம் பாராமல் வந்த டாக்டர் ஐயாவுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், ஊரிலிருந்து வண்டி கட்டி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மதினி அயர்ந்தபோதெல்லாம் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, கடையை மறந்து அவரோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். நன்றி என்றால் கோபித்துக்கொள்வார் என்றுதான் இத்தனை வருஷம் சொல்லவில்லை. சங்கிலி கேட்காமல் என்னை அழைத்துப்போனதற்கும், என் அண்ணனைக் கடைசிவரை தனியே விடாததற்கும் சேர்த்து, இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.