பேர் வைக்காத படத்தின் பாட்டு

என் பாட்டை என் பாட்டு இல்லை என்று நான் சொன்னேன். ஒரு கல்யாணக் கூட்டத்தின் நடுவில், மைக்கின் முன்னால் நின்று, தெளிவான குரலில் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் சாகும்வரை புளுகர் என்று பெயர் வாங்கினார். புளுகியவள் நான்.

முதன்முதலில் உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன் என்று எழுத ஆசை. அதுவும் பொய்யாகிவிடும்... வேறு ஒருவரிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தேன். அது என்ன ஆயிற்று என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். நைனாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. நான் பள்ளியிறுதியில் தவறியவள். பாட்டு எவரிடமும் கற்றதில்லை. டீக்கடை ரேடியோதான் குரு. மெல்லிசைக் குழு ஒன்றில் பெண்குரல் வேண்டும் என்றார்கள், போனேன், சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஜனங்கள் பேசும்போது சில சொற்கள் தாமாக வாயிலிருந்து விழும், பாருங்கள்... அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். ஒருநாள் மாமல்லபுரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மீன்கூடைக்காரப் பெண்கள் இருவர். ஒருத்தி கேட்டாள், "அந்தாளைத்தான் வேணான்னு வுட்டுட்டு வந்துட்டியே, இன்னும் இன்னாத்துக்கு அழுதுகினு கீற?" மற்றவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "கடல் தண்ணி பட்ட சேலை, காஞ்சாலும் கனக்கும்டி."

நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு மெட்டு தானாக ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த மெட்டுக்கு உடம்பு கொடுத்தவர் பஷீர் பாய். செங்கல்பட்டு பஸ் நிலையத்தின் அருகில் அவருக்கு மைக் செட் கடை. எங்கள் குழுவின் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். செத்த ரேடியோக்களின் வயிற்றிலிருந்து எடுத்தவற்றையும், உடைந்த ஆர்மோனியம் ஒன்றின் கட்டைகளையும் சேர்த்து அவர் ஒரு பெட்டி செய்திருந்தார். கட்டையை அமுக்கினால் மின்சாரமே பாடும். தகரக் குடத்துக்குள் வண்டு புகுந்தது போலத் தொடங்கி, பிறகு நெஞ்சுக்குள் இறங்கி நடுங்கும் ஓர் ஒலி. வேறு எந்த வாத்தியத்திலும் அதை நான் கேட்டதில்லை.

"இன்னா பாய் இது, கொசுவுக்குக் கரண்டு குடுத்து வச்சிருக்கியா?" என்றார் எங்கள் குழுத் தலைவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம்.

"கொசுவுக்கே சுருதி சேத்துட்டேன் மாஸ்டர். உன் வயலினுக்குத்தான் இன்னும் சேரமாட்டேங்குது."

மாஸ்டர் சிரித்துவிட்டார். ஆனால் பெட்டியை மேடையில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. ஆகவே நானும் பாயும் மாமல்லபுரத்தில் ஒத்திகை பார்த்தோம். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குச் சாயங்காலங்களில் பாய் மைக் செட் கட்டுவார். ஜல்லிக்கற்கள் கொட்டிய முற்றத்தில், கடற்காற்று மைக்கில் மோதி உறும, அந்தப் பாட்டை நான் முதல்முறை முழுதாகப் பாடினேன்.

முடிந்ததும், தலைமுடியெல்லாம் மணலாக ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து வந்து, என்னைக் காட்டிக் கையால் கேட்டாள்: இது யாருடையது?

"மை சாங்" என்றேன். பாயைக் காட்டி, "ஹிஸ் பாக்ஸ்" என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது... மொழி தெரியாத ஊரார் முன்னால் உண்மை எவ்வளவு லேசாக இருந்தது. திரும்பும் பேருந்தில் பாய் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். "மை சாங்காமே. அப்டியே சொல்லிகினே இரு தங்கச்சி. சொல்றதுக்கு டப்பு செலவா ஆவுது?"

செலவு ஆகும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பிறகு மதுராந்தகத்தில் ஒரு நெல் வியாபாரி வீட்டுக் கல்யாணம். ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் விழுந்ததால் மாஸ்டர் வேறு வழியின்றிப் பெட்டியை ஏற்றினார். நான்கைந்து சினிமாப் பாட்டுகளுக்குப் பிறகு, துணிச்சலை வரவழைத்துக்கொண்டு என் பாட்டைத் தொடங்கினேன். முதல் அடி முடியவில்லை, பந்தலில் சலசலப்பு.

"யம்மா, இது எந்தப் படம்?"

"தெரிஞ்ச பாட்டா பாடும்மா. இது இன்னா, நீயா கட்டினதா?"

யாரோ சிரித்தார்கள். பந்திக்குப் போக ஒரு வரிசையே எழுந்தது. நீயா கட்டினதா... ஆமாம், நானேதான் கட்டினேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. காதலை விட்டு வந்தவளின் பாட்டை இருபது வயதுப் பெண் தானே எழுதினேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

மைக்கைப் பிடித்துச் சொன்னேன். "இது இனிமேல் வெளிவரப் போகிற ஒரு படத்தின் பாடல். படத்துக்கு இன்னும் பேர் வைக்கவில்லை."

எழுந்த வரிசை உட்கார்ந்தது. அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. முடிந்ததும் இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள். அதற்கும் பிறகு இன்னொரு தரம்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய் என்பார்கள். நான் ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்றும் சொல்வார்கள். எனக்குத் தலைவாழை இலை போட்டு, ஜாங்கிரி இரண்டாக வைத்தார்கள்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லையே... அடுத்த கல்யாணத்தில் அவர்களே கேட்டார்கள், "அந்தப் பேர் வைக்காத படத்துப் பாட்டு." பொய்க்குக் கால் இல்லை என்று யார் சொன்னது? என்னுடையது பஸ்ஸேறி என்னைவிட முன்னால் ஊர் ஊராகப் போய் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு டீக்கடைக்காரர் அந்தப் பாட்டின் படப்பிடிப்பையே மாமல்லபுரத்தில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்.

"கதாநாயகி அலையில நின்னுகினு பாடுது. நான் இந்தக் கண்ணால பாத்தேன்."

"என்ன சேலை அண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பச்சை" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் எனக்கே ஒரு பச்சைச் சேலை தெரியத் தொடங்கியது.

பாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஒரு கல்யாணத்துல சொன்ன, சரி, கூட்டம் கலையக் கூடாதுன்னு சொன்ன. அதையே ஏன் தெனம் சொல்ற? என் பெட்டி எந்தப் படத்துல நடிச்சுதாம்?"

"பாட்டு கொஞ்சம் ஜனங்க மனசுல உக்காரட்டும் பாய். அப்புறம் சொல்லிக்கலாம்."

"உக்காந்தப்புறம் எழுப்புறது கஷ்டம் தங்கச்சி."

அவர் என்னைத் திட்டவில்லை. தன் கடையைப் பூட்டிவிட்டு மெட்ராசுக்கு அலைந்தார். இசைத்தட்டு போடும் ஒரு கம்பெனியின் வாசலில் காத்துக் கிடந்து, அங்கே வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, எங்கள் பாட்டை நேரில் வந்து கேட்கச் சம்மதிக்க வைத்தார். சினிமாவுக்கு வெளியே, இரண்டு பேர் பெயரும் போட்டு, ஒரு தட்டு. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டியிருந்தது?

அவர் வருவதாகச் சொன்ன நாளில் எங்களுக்குப் படாளத்தில் நிகழ்ச்சி. பெரிய வீட்டுக் கல்யாண வரவேற்பு.

அந்தப் பெரிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனா பிறந்த ஊர் படாளம். அவரும் அவருடைய அப்பாவும் அந்த வீட்டு வயலில் உழைத்தவர்கள். கூலிக்குக்கூட வேலிக்கு வெளியேதான் நிற்பார்கள். எங்கள் குடும்பத்தில் எவரும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. இப்போது அந்த வீட்டிலிருந்தே ஆள் அனுப்பி, "பொண்ணோட அப்பாவையும் அழைச்சிகினு வாங்க" என்று சொல்லியிருந்தார்கள்.

மேடையிலிருந்து பார்த்தேன். பந்தலில் இரண்டாவது வரிசை. நைனாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவர்களுக்கு அவரைக் காட்டிச் சொன்னது என் காதில் விழுந்தது.

"நம்ம ஊர் ஆளு. இவரு பொண்ணுக்குத்தான் சினிமாக் கம்பெனிக்காரங்க படம் வர்றதுக்கு முந்தியே பாட்டைக் குடுக்கிறாங்க."

நைனா தலையாட்டினார். அவரும் அதை நம்பியிருந்தார். ஆமாம், நைனாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பாட்டு தொடங்குமுன் பாய் மைக்கைச் சரிசெய்யும் சாக்கில் அருகே வந்தார். "அந்தாளு வந்துட்டாரு, பந்தக்கால் கிட்ட நிக்கிறாரு. இன்னிக்கி சொல்லிடணும் தங்கச்சி."

தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

பாடினேன். அன்று பாடியதுபோல் நான் பிறகு பாடியதில்லை. பெட்டி நடுங்க நடுங்கப் பந்தலே மூச்சடக்கிக் கேட்டது. முடிந்ததும் கைத்தட்டலுக்கு நடுவே நான் பேசுவேன் என்று பாய் பார்த்தார். நான் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு, எனக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, இன்னொரு மைக்கை எடுத்து அவரே பேசினார்.

"எல்லாருக்கும் ஒரு சேதி. இது எந்தப் படத்துப் பாட்டும் இல்லீங்க. இந்தப் பொண்ணு எழுதி, மெட்டுப் போட்ட பாட்டு. பெட்டி நான் செஞ்சது. இது எங்க பாட்டு."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பந்தல் புரியாமல் பார்த்தது. கம்பெனிக்காரர் முன்னால் நகர்ந்து வந்தார். பெரிய வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். "இன்னாம்மா, பாய் இன்னாவோ சொல்றாரே. நெசமா?"

நான் பாயைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தேன். நாற்காலியின் நுனியில் இருந்தவர் பாதி எழுந்துவிட்டிருந்தார், யாரோ எழுந்திருக்கச் சொன்னது போல... யாரும் சொல்லவில்லை. பழக்கம்.

"படப் பாட்டுதாங்க" என்றேன்.

நைனா உட்கார்ந்தார்.

சிரிப்பு முதலில் பின்வரிசையில் கிளம்பியது. "பாய், பெட்டிதான் உன்னுது, பாட்டுமா உன்னுது?" "நாளைக்கி சினிமாக் கொட்டாயும் என்னுதும்பாரு." கம்பெனிக்காரர் பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். வேறொருவர் படத்துப் பாட்டை அவர் தொடுவாரா?

பாய் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்ட மனிதர். அடுத்த பாட்டுக்கு நான் வாய் திறந்தபோது குரல் எழும்பவில்லை. அவர் தம் இடத்திலிருந்தே சொன்னார்:

"மைக்கு கிட்டக்க வா தங்கச்சி. சத்தம் பத்தல."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பெட்டியை மறுபடி எந்த மேடைக்கும் கொண்டுவரவும் இல்லை. வேறு குழுக்கள் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கின. அவற்றுக்கும் மைக் செட் கட்டியவர் அவர்தான். "உங்க பாட்டு வருது பாய்" என்று பையன்கள் கேலி செய்வார்களாம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பாராம்.

நான்? பின்னாளில் என் பெயரிலேயே பாடினேன். மின்சார வாத்தியங்கள் கடையிலேயே விற்பனைக்கு வந்தன; நானே வாங்கி, நானே வாசித்து, கேசட்டுகள் போட்டேன். தன் பாட்டைத் தானே எழுதும் பெண் என்று நாலு பேர் மெச்சினார்கள். எல்லாப் பாட்டுகளையும் சேர்த்தேன், முதல் பாட்டைத் தவிர. அதை எந்தப் பெயரில் சேர்ப்பது?

நைனாவுக்காகத்தான் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த மேடையில் சினிமாவின் வெளிச்சம் என் மேலும் விழுந்துகொண்டிருந்தது. அதை இழக்க எனக்கு மனமில்லை. எந்தப் பாதி பெரியது? இரவில் புரண்டு புரண்டு படுக்கிறேன், தெரியவில்லை...

பாய் இறந்தபின் அவர் மகன் அன்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னமே சொன்னேனே, அந்த ஒருவர் இவர்தான். கேட்டு முடித்துவிட்டு எனக்கு டீ வரவழைத்தார்.

"வுடுங்கக்கா. அத்தா கொஞ்சம் அளப்பாருன்னு எங்களுக்கே தெரியும். அவரு போயிட்டாருன்னு நீங்க அவருக்காக இப்டிச் சொல்றீங்க. பெரிய மனசுக்கா உங்களுக்கு."

மறுத்து மறுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் மனசு அவர் கண்ணில் இன்னும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. டீ ஆறிவிட்டது.

அண்மையில் ஒருநாள் படாளம் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பெரியவர் ஒருவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நீ அந்த ரயில்காரர் பொண்ணுதானே? பெரிய வூட்டுக் கல்யாணத்துல பாடினியே... கடல் தண்ணி பட்ட சேலை." இரண்டு அடி பாடியும் காட்டினார். சுருதி தவறவில்லை. "அந்தப் படம் வந்துச்சாம்மா?"

நைனா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நாற்காலியும் இல்லை, அதிலிருந்து யாரும் எழுந்துவிடப் போவதும் இல்லை. பாயின் பெயரைச் சொல்ல அங்கே எனக்கு ஒரு தடையும் இல்லை. பேருந்துகூட இன்னும் வரவில்லை.

"இன்னும் இல்லீங்க" என்றது என் வாய்.

"பரவால்ல. வந்தா சொல்லு."

"சொல்றேங்க" என்றேன்.