ஆளில்லாத பள்ளத்தாக்கு

என் கணவரின் தங்கை இளம் வயதிலேயே தாலியறுத்து, ஆலங்குடியில் எங்களோடு வந்து சேர்ந்தாள். எதிரே வந்தால் சகுனம் கெடும் என்று தெருவே அவளைக் கண்டு ஒதுங்கியது. அவளும் எந்நேரமும் அடுப்படியிலேயே அடைந்து கிடந்தாள்.

நான் அங்கே பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள் கிழிந்துபோன இந்தியப் படத்தை ஒட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பசை தடவிக்கொண்டிருந்தவள், வடக்கே ஊர்ப்பெயர் எதுவுமில்லாமல் பழுப்பாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க யாரு அண்ணி இருக்கா?"

"அது இமயமலை. அங்கிட்டு யாரும் இல்ல. பாறையும் பனியுந்தான்."

"அப்ப அங்க போயி நடக்கணும். ஒரு மூஞ்சியும் பாக்காம நடக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடம் நடத்திய இடத்தை நானும்தான் பார்த்ததில்லை.

அடுத்த தெருப் பட்டாளத்துக்காரர் லீவில் வந்திருந்தார். அந்தப் பக்கத்து எல்லையில் வேலை பார்ப்பவர். இருவரும் அவர் வீட்டுக்கே போய் விசாரித்தோம்.

"உச்சிக்கெல்லாம் ஏற வேண்டாங்க டீச்சர். பள்ளத்தாக்குல ஆத்தோரமாவே நடக்கலாம். மூச்சு வாங்கும், மெதுவாப் போனா பொம்பளைங்களுக்கும் முடியும். குளுருக்கு மட்டும் பழகிக்கங்க" என்றார்.

ஆலங்குடியில் குளிருக்கு எங்கே போவது? நடைக்காவது பழகுவோம் என்று விடியற்காலையில் முந்திரிக்காடுகளுக்குள் புகுந்து நடந்தோம். புதுக்கோட்டையிலிருந்து அவளுக்கு ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி வந்தேன். வெள்ளைச் சேலைக்கு ஷூ கேட்கிறதா என்று கிணற்றடியில் பேசினார்கள். அவள் கழற்றவில்லை. என் கணவரும் மனம் இளகி, "கோடை லீவுல நானும் தொணைக்கு வாரேன்" என்றார்.

மாமியாருக்குத்தான் பிடிபடவில்லை. "காசின்னாலும் புண்ணியம் உண்டு. சாமியே இல்லாத காட்டுக்கு இவ எதுக்குப் போறா?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குனியில் அந்த மாமியார் பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு போய்விட்டது. மகள் ஊட்டினால்தான் வாய் திறப்பார். நான் ஊட்டினால் துப்பிவிடுவார்.

"ஆத்தா தேறட்டும். அடுத்த வருஷம் போவோம்" என்றார் கணவர்.

ஆத்தா தேறவுமில்லை, போய்ச்சேரவுமில்லை. முதல் ஓரிரு கோடைகளில் பயணத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு அவள் கேட்பதை நிறுத்தினாள். புண் வராமலிருக்க அம்மாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

சீனச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர் ஊர் திரும்பினார். பனியில் அழுகி, வலது காலில் விரல்களே இல்லை. எங்கள் வாசலில் வந்து நின்றவரிடம் அவள்தான் முதலில் பேசினாள்.

"அந்தப் பள்ளத்தாக்கு எப்புடிண்ணே இருக்கு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பேச்சே வேண்டாம் தங்கச்சி. எங்க பாத்தாலும் ராணுவம். இனிமே வெளியாள உள்ள விட மாட்டாங்க."

அவள் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.

சில வருடங்கள் கழித்து மாமியார் இறந்தார். கருமாதி முடிந்து உறவினரெல்லாம் கிளம்பிய பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அங்க இல்லாட்டி என்ன? மலை இன்னும் எத்தனையோ இருக்கு. நாம ரெண்டு பேரும் போவமா?"

"கெணத்தடிக்குப் போயிட்டு வந்தாலே இடுப்பு விட்டுப்போகுது அண்ணி."

"வைத்தியம் பாத்துக்குவோம்."

"இடுப்புக்குப் பாக்கலாம்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "எனக்கு அந்த ஆசையே இப்ப இல்ல. இருக்குதான்னு தேடிப் பாத்துட்டேன். இனிமே கேக்காதீங்க."

அதன்பின் நான் கேட்கவில்லை. வாசலில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மேகம் கூடியதும் இருவரும் எழுந்து அள்ளத் தொடங்கினோம்.