ரீசெட்டில் கை வைக்காதீங்க, அண்ணே!

ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றால், அதை உலுக்கி எழுப்புவதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று கம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். இதைச் சொன்னதுமே பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மிச்சப் பாதி, வீட்டில் ஓடாமல் கிடக்கிற லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கம்பியூட்டர் படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே குடியிருக்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

அம்மா கொடுத்த விளக்கம்

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு, பலாங்கொடையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கம்பியூட்டரின் அடிவயிற்றில் 'கர்னல்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே நீங்கள் படம் பார்த்தாலும் பாட்டுக் கேட்டாலும், டிஸ்க்கிடம் போய் 'அதைக் கொடு, இதைக் கொடு' என்று கேட்டு வாங்கி வருவது அதுதான். டிஸ்க் வாயே திறக்கவில்லை என்றால் கர்னல் அதை ரீசெட் பண்ணும். அந்த ரீசெட் எப்போது, எதுவரைக்கும் என்று எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி.

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு, ஒரு தீபாவளி லீவு முழுக்க இதை விளக்கினேன். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "வெளங்கிருச்சு, வெளங்கிருச்சு" என்றார். எனக்கு ஒரே பெருமை. மறுநாள் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா, "உங்க மக என்னா வேல பாக்குது?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"தூங்குறவங்கள எழுப்பி விடுற வேல. கொழும்புல அதுக்கும் சம்பளம் குடுக்குறாங்க."

திருநீறு பூசிய பொத்தான்

யோகன் அண்ணன் பலாங்கொடையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சுற்றியுள்ள தோட்டங்களில் கலியாணமோ சடங்கோ, அவர் கேமராதான் போகும். ஒருநாள் போன் பண்ணினார். "தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போ. கம்பியூட்டரு பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்கு." போய்ப் பார்த்தால், பெட்டியின் ரீசெட் பொத்தானில் திருநீறு! படம் திறக்காமல் நிற்கும்போதெல்லாம் மனுஷன் சாமியைக் கும்பிட்டு, விரலில் திருநீற்றோடு அதை அமுக்கியிருக்கிறார். டிஸ்க்கோ சாகக் கிடக்கிறது.

அதற்குள் இருந்தவை ராமையா என்பவருடைய மகளின் கலியாணப் படங்கள். கேமராவில் இருந்ததை அடுத்த கலியாணத்துக்காக அழித்தாகிவிட்டது, வேறு பிரதி கிடையாது. பொண்ணும் மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களின் போன்களில் எல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ராமையாவுக்கு வேண்டியது வேறு. அவருடைய தம்பி சின்னப் பையனாக இருந்தபோது, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், சித்தப்பா குடும்பத்தோடு பாஸ்போர்ட் கிடைத்துப் போனவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். போனதற்கப்புறம் அவர் இங்கே வந்தது இந்தக் கலியாணத்துக்கு மட்டும்தான். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரே படம் இந்த டிஸ்க்கில் இருந்தது. தம்பி திரும்பிப் போய்விட்டார். இனி வருவதற்கு உடம்பு இடம் கொடுக்காது.

ராமையா வாராவாரம் தோட்டத்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்டூடியோ வாசலில் குடையை மடக்குவாராம். "வேல நடக்குதுங்க" என்று யோகன் அண்ணன் புளுகி அனுப்புவாராம். அன்றைக்கு நான் இருக்கும்போதே வந்துவிட்டார். சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை, அவர் சத்தமே போடவில்லை. யோகன் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"அல்பம் மெதுவா வரட்டுங்க தம்பி. அந்த ஒத்தப் படத்த மட்டும் காட்டுங்க, நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

ஒரு குழாய்க்காக ஒரு லயம்

பழைய டிஸ்க்கையும் ஒரு புது டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, படங்களை மாற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பழையது ஓரிடத்தில் திணறி நின்றது. கர்னல் அரை நிமிஷம் பார்த்தது. அந்த டிஸ்க்கை ரீசெட் பண்ணியது. அப்போதும் பதில் இல்லை. உடனே அதற்குக் கோபம் தலைக்கேறி, மாட்டியிருந்த எல்லாவற்றையும் சேர்த்து ரீசெட் பண்ணிவிட்டது. ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த புது டிஸ்க்கும் நடுவழியில் அம்போ! "நல்லா இருந்தத எதுக்குத் தங்கச்சி போட்டு அடிக்குது?" என்று யோகன் அண்ணன் பதறினார். ஒரு வீட்டுக் குழாய் அடைத்ததற்கு வரிசை வீடுகள் இருக்கிற லயம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துகிற வேலைதான் இது என்றேன்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. திணறுகிற டிஸ்க் சும்மா நிற்பதில்லை. பழுதான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சில இடங்களுக்கு அதற்கு நாலு நிமிஷம்கூடப் பிடிக்கும். நாம் அரை நிமிஷத்தில் ரீசெட் பண்ணினால், பாவம், அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகி முதலிலிருந்து ஆரம்பிக்கும். திரும்பவும் அரை நிமிஷம்தான் விடுவோம். எந்தக் காலத்தில் அது படித்து முடிப்பது? இதையெல்லாம் சொன்னதும் யோகன் அண்ணன் பொத்தானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானாவது கும்புட்டுட்டு அமுக்குனேன், தங்கச்சி. ஒங்க ஆளு கும்புடாமலே அமுக்குறான்."

பொட்டக்

இதற்கு ஒரு திருத்தத்தை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று தனித்தனியாகச் சொல்லலாம். ரீசெட் பண்ணியே ஆக வேண்டும் என்றாலும், அந்த ஒரு டிஸ்க்கோடு நிற்கும், பக்கத்தில் இருப்பதைத் தொடாது. எங்கள் குழுத் தலைவன் நுவன் சம்மதித்தால்தான் அது கம்பனி கர்னலுக்குள் போகும். அவன் கொழும்பில் வளர்ந்த சிங்களப் பையன், நல்லவன், ஆனால் மகா சந்தேகப் பிராணி. உண்மையாகவே சாகக் கிடக்கிற ஒரு டிஸ்க்கில் ஓட்டிக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தான்.

போன் பண்ணி, டிஸ்க் கிடைத்துவிட்டது என்று அண்ணன் தம்பி கதையைச் சொன்னேன். சரி, ஓட்டு என்றான். பிறகு என் திருத்தத்தைத் திறந்து பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறுக்கிற நேரத்துக்கு நான் வைத்திருந்த பெயர் 'பொட்டக்'. எங்கள் பக்கத்து பஸ் கண்டக்டர்கள் ஓயாமல் சொல்கிற வார்த்தை அது. "பொட்டக் இன்ன", கொஞ்சம் பொறுங்க, என்று சொல்லிவிட்டு எஞ்ஜினை ஓடவிட்டுக்கொண்டே பிளேன்டீ குடிக்கப் போவார்கள். சிலருடைய பொட்டக் ஒரு நிமிஷம், சிலருடையது முழுசாக ஒரு சாப்பாடு. எழுதும்போது வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொட்டக் என்பது எவ்வளவு நேரம் என்றுதான் நுவன் சிங்களத்தில் கேட்டான்.

"சுமதி, பொட்டக் கியன்னே கொச்சரக்த?"

சும்மா இருந்த சனிக்கிழமை

திருத்திய கர்னலை யோகன் அண்ணன் பெட்டியில் ஏற்றி, பொட்டக் அஞ்சு நிமிஷம் என்று போட்டேன். சனிக்கிழமை காலையில், வெளியே நல்ல மழை, வேலையை ஆரம்பித்தோம். ராமையாவும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டார். பழையது அதே இடத்துக்கு வந்து நின்றது. திரையில் ஒன்றுமே அசையவில்லை. டிஸ்க் மட்டும் உள்ளே கறுக் கறுக் என்றது. உள்ளுக்குள் எனக்குச் சரியான பயம். இதுவும் சரிவராவிட்டால் இனி வேறு வழியில்லை. பார்த்தால் யோகன் அண்ணனின் விரல் தன்னாலே பொத்தானுக்குப் போகிறது! "ரீசெட்டில் கை வைக்காதீங்க, அண்ணே!" என்று நான் கத்திய கத்தலில், படம் எடுக்க வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போய்விட்டது. அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் டிஸ்க் அந்த இடத்தைப் படித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போனது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

இப்படி நின்று நின்று, சாயந்தரம் ஆகும்போது எல்லாம் வந்து சேர்ந்தன. சில படங்களில் பாதி சாம்பல் பூத்துப் போயிருந்தது. அண்ணனும் தம்பியும் நின்ற படத்தை யோகன் அண்ணன் திறந்தார். ஒரு மூலைகூடக் கெடவில்லை, முழுசாக வந்திருந்தது. ஆனால் தம்பி இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்! யோகன் அண்ணனுக்கு மானமே போய்விட்டது. "ஐயா, வேற படத்துலருந்து கண்ண எடுத்து வச்சுத் தர்றேங்க, ஒண்ணுமே தெரியாது" என்றார். ராமையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்குக் கிட்டே வந்து நின்றார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கைய வைக்காதீங்க தம்பி. பாஸ்போட்டுக்குப் படம் புடிச்ச அன்னிக்கும் பய இப்புடித்தான் கண்ண மூடிக்கிட்டான். இது எந்தம்பியேதான்."

திங்கட்கிழமை நுவனும் சம்மதித்துவிட்டான். சும்மா பொறுத்திருப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதி, அதற்கு மாதா மாதம் சம்பளமும் வாங்குகிற ஒரே ஆள் பலாங்கொடையில் நானாகத்தான் இருக்க வேண்டும்.