கிரேஸ் டீச்சரின் இடது கை

ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கிரேஸ் டீச்சர் போய்விட்டார். மாரடைப்பாம். “ஐயோ, காலைலதான எங்கிட்டப் பேசுனாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காலை நான் அவரிடம் சொன்னதை, பாளையங்கோட்டையில் எங்களோடு வேலை பார்த்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும். மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அவர் கணக்கு டீச்சர்; நான் தமிழ். கழுத்தில் கிளம்பி இடது கை சுண்டுவிரல் வரை ஓடும் அந்த வலியோடு அவர் ஆறு வருடம் டாக்டர் டாக்டராக அலைந்தார். ஒருவர் எலும்புத் தேய்மானம் என்றார், ஒருவர் சத்துக் குறைவு என்றார். இன்னொருவர், “வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?” என்று கேட்டாராம். “அந்தக் கையாலயே ஒண்ணு வச்சிருப்பேன், தூக்க முடியலயேன்னு விட்டுட்டேன்” என்றார் டீச்சர். விடைத்தாள் கட்டு வரும் நாளில், “டீச்சருக்கு இன்னைக்குக் கை வலி வந்திரும் பாரு” என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்போம். நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன்.

பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவர் தோளில் கை வைத்து ஜெபித்துவிட்டு, சுகமாகிவிட்டது என்று எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். “வலி அப்படியேதான் இருக்கு. பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டார். போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

போன வருடம்தான் ஒரு டாக்டர் கையில் ஊசி குத்தி நரம்பைச் சோதித்து, கழுத்தெலும்புக்கு அடியில் அது நெரிபடுகிறது என்று சொன்னார். துணைக்கு நான் போயிருந்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் அழுதார். “ஏட்டி, நான் நடிக்கலட்டி.” என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவராகவே எழுந்தார். “என் வலிக்கு ஒரு பேரு குடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” “வலி போயிட்டா?” என்று யாரோ கேட்டார்கள். “போகல” என்றார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று எல்லாரும் முழித்தார்கள். நான் மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

சிரித்த பாவத்துக்குப் பரிகாரம் போல, அதன்பிறகு அவருக்காக யாரோடும் சண்டைக்கு நின்றேன். அவருக்கு விரல் மரத்துப்போனாலும், தோள் கடுத்தாலும் என்னிடம் ஒரே பதில், “நரம்புதான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில், “ஏட்டி, கை ரொம்ப வலிக்கி. நெஞ்சு வர இழுக்கு, வேர்த்துக் கொட்டுது” என்றார்.

“அது நரம்புதான் டீச்சர். மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க. கோயில் முடிஞ்சதும் வாரேன்.” பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன், பாவி.

“இல்லட்டி, இது வேற மாதிரி இருக்கு.”

ஆராதனைக்குக் கோயில் மணி அடித்துவிட்டது. “சரி டீச்சர், படுங்க” என்று வைத்துவிட்டேன்.

அவர் நடத்திய பாடமும் கேலிப் பேச்சும் உங்களிடம் இருக்கும். எனக்கு மிஞ்சியது, “வேற மாதிரி இருக்கு” என்ற அந்தக் குரல்தான். எப்படி வேறு மாதிரி என்று நான் கேட்கவில்லை.