அந்தோணி மாமா ஃபார்வர்டு செய்த எழுபத்தோரு நிமிடங்கள்

இன்று மதியம் சிதம்பரம் பஸ்ஸில், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் படத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே போனேன்!

(ஒரு டைரக்டர் வேண்டிக்கொள்ளும் விஷயமா இது?)

முன்கதை கொஞ்சம். ‘ரெண்டு தரம்’ என் முதல் படம். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாள். (‘அது என்ன ரெண்டாந்தரம்?’ என்று கேட்டவர்களே, உங்கள் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.) தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. ஆன்லைனில் ஒரு பேஜ் போட்டு, கிரௌட் ஃபண்டிங்கில் எடுத்தோம். கொடுத்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பங்கு, அதாவது எங்கள் மாதா கோவிலைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பிடித்துக் கொடுத்தவர் என் தாய்மாமா அந்தோணி.

கிரௌட் ஃபண்டிங் என்றால் என்ன என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

“திருவிழா வசூல்தானே? அதுக்கு எதுக்கும்மா இங்கிலீசு?” என்றார்.

அவர் போட்டது ஒரே கண்டிஷன். கொடுத்தவர்கள் பேர் படத்தின் ஆரம்பத்திலேயே வர வேண்டும். “உபயதாரர் பேரு இல்லாம நோட்டீசு அடிச்சிருக்கமா? பேருதாம்மா மொதல்ல.”

எடிட்டர் ரியாஸ் தலையில் அடித்துக்கொண்டான். லால்பேட்டைக்காரன், என் காலேஜ் தோழன், சிதம்பரத்தில் எடிட் ரூம் வைத்திருக்கிறான். “ரெண்டு நிமிஷம் வெறும் பேரா ஓடுது ஜெனி. ரொம்ப ஜாஸ்தி. யாரு பாப்பாங்க?”

நான் மாமா பக்கம் நின்றேன். சோறு போட்டவர்கள் பேர் முதலில் வந்தால் என்ன குறைந்துவிடும்?

இப்போது ஒரு ஆன்லைன் தளம் படத்தை வாங்குகிறது. திங்கட்கிழமை கையெழுத்து. அதற்குமுன் படம் இணையத்தில் வெளியே வந்திருக்கக் கூடாது. வந்தால் ஒப்பந்தம் ரத்து. மூன்று வருட உழைப்பு இந்த ஒரு வரியில் தொங்குகிறது.

நேற்று மாமாவுக்கு மட்டும் ஒரு ரகசிய லிங்க் அனுப்பினேன். பேர்களில் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். (இனிஷியல் தப்பினால் எங்கள் பங்கில் சம்பந்தமே முறியும்.)

இன்று பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது பங்கு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ்.

‘நம்ம ஜெனி எடுத்த படம். குடும்பத்தோடு கண்டு மகிழவும். மற்ற குழுக்களுக்கும் அனுப்பவும். அன்புடன் அந்தோணி.’

கீழே என் லிங்க்!

உடனே போன் போட்டேன்.

“மாமா! அதை ஏன் குரூப்ல போட்டீங்க?”

“எல்லாருக்கும் சொல்லுங்க மாமான்னு நீதானம்மா சொன்ன?”

“அது ரிலீசுக்கு அப்புறம் மாமா! ஒடனே டிலீட் பண்ணுங்க!”

“இரு... ஆங், பண்ணிட்டேன்.”

குரூப்பைப் பார்த்தேன். மெசேஜ் கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே இருக்கிறது. மறுபடி போன்.

“இன்னும் இருக்கு மாமா!”

“என் போன்ல இல்லியேம்மா! நல்லாத்தான் பாக்குறேன்.”

புரிந்துவிட்டது. ‘டிலீட் ஃபார் மீ’யை அழுத்தியிருக்கிறார். அவர் போனில் மட்டும் அழிந்து, ஊருக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. இனி அவராலும் அழிக்க முடியாது!

குரூப் அட்மினுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

லிங்கை மூட ரியாஸால்தான் முடியும். கணக்கு அவன் பேரில். அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை.

வீடியோவுக்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் மட்டும் எனக்குத் தெரியும். ஒன்பது. நான் அதையே அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். இருபத்தாறு. புதுச்சத்திரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நாற்பத்தொன்று. “அண்ணே, சீக்கிரம் எடுங்கண்ணே” என்று கத்திவிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எண்பத்து மூன்று. சேத்தியாத்தோப்பு சித்தப்பா ‘பார்த்தேன், சூப்பர்’ என்று கட்டை விரல் அனுப்பினார். சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய்விட்டதா!

எடிட் ரூமுக்கு நான் ஓடவும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் ரியாஸ் வரவும் சரியாக இருந்தது. முதலில் லிங்கை மூடினான். பிறகு, எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும் கிராஃபைத் திறந்தான்.



கோடு ரெண்டு நிமிடம் உயரத்தில் நேராகப் போகிறது. பேர்கள் முடியும் இடத்தில் பொத்தென்று கீழே விழுகிறது. அவரவர் பேர் வந்ததைப் பார்த்தார்கள். திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். மூடிவிட்டார்கள்!

“ஜெனி, லீக் ஆனது படம் இல்ல. டைட்டில்தான்” என்றான்.

மறைப்பது சரியில்லை என்று அந்தத் தளத்துப் பொறுப்பாளர் மேடத்துக்கு நடந்ததைச் சொல்லி, கிராஃபையும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“இதைப் பாத்த கணக்குலயே சேக்க முடியாதும்மா. திங்கக்கெழமை வந்து சைன் பண்ணுங்க.”

தப்பித்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வலித்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று வேண்டியவள் நான்தான். அதற்காக இப்படியா?

கிராஃபில் இன்னொன்றும் இருந்தது. விழுந்த கோடு தரையோடு தரையாக, மெலிசாகக் கடைசி வரை போகிறது. யாரோ ஒருத்தர், ஒரே ஒருத்தர், முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார்! நீங்கள் இதைப் படித்தால் தயவுசெய்து கையைத் தூக்குங்கள். உங்களுக்கு எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு.

ரியாஸும் நானும் அப்போதே உட்கார்ந்து எல்லாப் பேரையும் தூக்கிப் படத்தின் கடைசியில் போட்டோம். மாமாவிடம் சொன்னேன்.

“கடைசிலயா? அப்ப எங்க பேரைப் பாக்கணும்னா?”

“முழுப் படத்தையும் பாக்கணும் மாமா.”

“எவ்ளோ நேரம்?”

“எழுபத்தோரு நிமிஷம்.”

மாமா மெதுவாகக் கேட்டார்.

“ஃபார்வர்டு பண்ணிக்கலாம்ல?”

மாமா, அந்த வார்த்தையை மட்டும் இன்னொரு தரம் சொல்லாதீங்க!