பெட்ரோல் டேங்கில் ஊற்றிய தீர்த்தம்

வாராவாரம் ஒன்றாகக் கூடி ஜெபிக்கிற நம் அன்பியத்துச் சொந்தங்களே, வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் நெஞ்சுப் படபடப்புக்குக் காரணம் என் மோட்டார் பைக்தான் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே நம்பினேன்.

நம் பக்கத்தில் வண்டி வாங்கினால் முதல் வேலையாகக் கோயில் வாசலில் நிறுத்தி ஃபாதரிடம் மந்திரித்துக்கொள்வோம். நான் வாங்கியது யாரோ ஓட்டித் தேய்த்த வண்டி. பழசுக்கு எதற்கு மந்திரிப்பு என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் வழியில் வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மந்திரிக்காத வண்டி பழிவாங்குகிறது என்று முடிவு கட்டினேன். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். எனக்குப் போதவில்லை. வெளியே தெளித்தால் பெயின்டுக்குத்தானே போய்ச் சேரும், கோளாறு உள்ளே அல்லவா இருக்கிறது? ஒரு பாட்டில் தீர்த்தம் வாங்கிவந்து பெட்ரோல் டேங்கில் ஊற்றினேன்.

வண்டி கேட் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. கேட்டுக்கு முன்னால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் பஸ், நடுவில் நான். உள்ளங்கை வியர்த்து, கண் இருட்டி, இதோ சாகிறேன் என்று நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு கை கொடுத்து, என்னையும் வண்டியையும் சேர்த்து மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மெக்கானிக் டேங்கைக் கவிழ்த்துப் பார்த்தான். "இன்னாண்ணே இது, பெட்ரோல்ல தண்ணி வருது?"

"தண்ணி இல்லப்பா. தீர்த்தம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அத நீ குடிச்சிருக்கலாம்லண்ணே? வண்டிக்கு இன்னா பாவம் கீது?"

சிரித்தாயிற்றா? இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சேதராப்பட்டு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. ஒரே ஷிஃப்டில் பன்னீர் என்று ஒருவன், என் வயதுக்காரன். ஒருநாள் டீ குடிக்கும்போது அவன் தொப்பையைக் கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே எழுந்தவன் அப்படியே சரிந்தான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. சாவு வீட்டில்கூட ஏதோ சொல்லி இரண்டு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் இந்தப் படபடப்பு. கேட் மூடி, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நிற்கும்போது, பன்னீர் சரிந்த மாதிரி நானும் சரியப்போகிறேன் என்று தோன்றும்.

டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் போனேன். மறுபடியும் எடுத்தார். "ஹார்ட் நல்லாதான் இருக்கு. இது பயம். மனநல ஆலோசகர் ஒருத்தர்கிட்ட பேசுங்க. நேர்ல போக வேணாம், ஃபோன்லயே பேசலாம்" என்று சொல்லி, எண்ணை என் ஃபோனிலேயே பதிந்து கொடுத்தார். மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் படபடப்பு இன்னும் கூடியது. ஊரையே சிரிக்கவைக்கிற ஆளுக்குப் பைத்தியம் என்று பேர் வந்தால் என்ன ஆவது? அந்த எண்ணைத் தொடவேயில்லை. கேட்டை விட்டுவிட்டேன். மேம்பாலம் வழியாக மூலக்குளம் போய், அந்த நெரிசலையெல்லாம் சுற்றிக்கொண்டு சேதராப்பட்டுக்குப் போனேன்.

விடியுமுன்னே கிளம்பினேன், பொழுதுசாய்ந்து திரும்பினேன். என் மனைவி அமலி கேட்டால் "ஓவர்டைம்" என்பேன். ஒருநாள் அவள் தம்பி என்னை மூலக்குளத்தில் பார்த்திருக்கிறான்.

"மூலக்குளத்துல உனுக்கு இன்னா வேல?"

"காத்து வாங்கப் போனேன்டி."

"அங்க எவ காத்து விக்கிறா?"

அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதோடு பேச்சை நிறுத்தினாள். தட்டில் சோறு வரும், வார்த்தை வராது. பெண்டாட்டி சந்தேகப்பட்டாலும் பரவாயில்லை, ரயில்வே கேட்டுக்குப் பயப்படுகிறவன் என்று தெரியக்கூடாது என்று நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு வீரம்!

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். பொறுப்பாளர் நான்தான். மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, நான் முதலில் எடுத்துக்கொடுக்க, எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும். பிலோமினா அக்கா மகள் கல்யாணத்துக்காக மன்றாடினார். அடுத்து அமலி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "என் வூட்டுக்காரரு எங்கியோ போறாரு ஆண்டவரே. எங்கன்னு எனக்குத் தெரியல. அவர எங்கிட்ட கொண்டாந்து வுட்டுரு. இல்லன்னா நான் பண்டசோழநல்லூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போறதுக்கு எனக்குத் தைரியம் குடு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொறுப்பாளர் எடுத்துக்கொடுக்க வேண்டுமே! "ஆண்டவரே" என்றேன். மீதி வரவில்லை. அதற்கு மேல் மற்றவர்கள்தான் சொல்லி முடித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. பிலோமினா அக்கா போகும்போது என் தோளைத் தட்டி, "சிரிக்கவெக்கிறது போதும்பா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாதா கோயிலில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழகாக ஜெபிக்க வராது. "தாயே, இந்தப் பயத்தை எடுத்துவிடு, எடுக்கமாட்டாய் என்றால் யாரிடமாவது சொல்வதற்கு வாயையாவது கொடு" என்று கேட்டேன். எந்த அசரீரியும் கேட்கவில்லை. டாக்டர் பதிந்த எண்தான் நினைவுக்கு வந்தது. வெளியே வந்து கூப்பிட்டேன்.

எடுத்தது ஒரு பெண் ஆலோசகர். வாரம் ஒருநாள் வீடியோவில் பேசலாம் என்றார். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் ஆசீர்வாதம் சொல்வார்கள், அங்கே எப்படிப் பேசுவது? கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ஜோக்காக அடித்துத் தள்ளினேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லா பேசுறீங்க. இப்ப பயம் உடம்புல எங்க இருக்கு?" என்றார். "கழுத்துல" என்றேன். சொன்னதுமே பன்னீருக்காக அழ வேண்டிய அழுகை எல்லாம் வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். முதலில் கேட் தெரிகிற டீக்கடையில் நின்று மூச்சை மெதுவாக விட வேண்டும். பயம் ஏறும், ஏறட்டும், அது இறங்கும்வரை ஓடாமல் நிற்க வேண்டும். அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்டே. வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன்.

ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் "உங்ககிட்ட பேசினாதான் மேடம் எனக்கு நெஞ்சு லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரும்புச் சோகை சரசரத்தது. அமலி.

"யாருய்யா அவ?"

ஃபோனைப் பிடுங்கினாள். "யாரு நீ? எங்கூட்டுக்காரர் கூட உனுக்கு இன்னா பேச்சு?"

அந்த அம்மா கோபப்படவில்லை. "நான் அவருக்கு ஆலோசகர்மா. அவர் என்ன சொன்னார்ங்கறத நான் சொல்லக்கூடாது. அவரே சொல்லட்டும். நான் இருக்கணுமா, வெச்சுரட்டுமா?"

அமலி என்னைப் பார்த்தாள். "இருக்கட்டும். சொல்லு."

சொன்னேன். பன்னீர், கேட், தீர்த்தம், மூலக்குளம், எல்லாவற்றையும். டேங்க் கதையில்கூட அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா உன்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சிரிப்பியோன்னு இருந்துச்சி."

"எத்தினி நாளு நீ ஜோக்கு அடிச்சும் நான் சிரிக்கல. அத பாத்தியா?"

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

சொந்தங்களே, ஜெபத்தை விடாதீர்கள். ஆனால் ஆண்டவர் ஒரு டாக்டரை, ஒரு ஆலோசகரை உங்கள் வழியில் கொண்டுவந்து நிறுத்தினால், நான் செய்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். மனதுக்கு வைத்தியம் பார்ப்பது விசுவாசக் குறைவு இல்லை, அவமானமும் இல்லை. ஃபோனில் பேசக் கூச்சமாக இருந்தால் நேரில் போங்கள், துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். உங்களுக்கு மிக நெருங்கியவர்களிடம் முதலில் சொல்லுங்கள். அமலிக்கும் சேர்த்து நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். எங்கள் இரண்டு மன்றாட்டுகளையும் ஆண்டவர் ஒன்றாகவே கேட்டார்.

அந்தக் கொட்டகைப் பேச்சுக்கு அடுத்த திங்கட்கிழமை அவள் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கேட் மூடியிருந்தது. எனக்குப் பயம் வந்தது. "வந்துருச்சிடி" என்றேன். முதுகில் கை வைத்தாள். ரயில் போனது, கேட் திறந்தது, நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம்.